வாசகர் கேள்வி – பதில்: மலைநாட்டுக் குளிரில் ஹீட் பம்ப் பராமரிப்பு

தை பிறந்ததிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஹீட் பம்ப் பற்றிய கேள்விகள் கூடிக்கொண்டே போகின்றன. பாடநூல்கள் வெப்பப் பம்பி என்று சொல்லும் இந்த இயந்திரம், கொழும்பில் அறையைக் குளிர்விக்கும் ஏசியின் உடன்பிறப்புத்தான். அங்கே அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. இங்கே வெளிக்காற்றின் வெப்பத்தை அள்ளி அறைக்குள் கொண்டுவருகிறது. எட்டுப் பாகைக் குளிரில் ஏது வெப்பம் என்று கேட்பவர்கள் உண்டு. வெளியிலுள்ள கொயில் என்னும் குழாய்ச்சுருளுக்குள் ஓடும் வாயு அந்தக் காற்றைவிடவும் குளிர்ந்திருப்பதால், காற்றிலிருந்து அதற்குள் வெப்பம் இறங்குகிறது. கொம்பிரசர் அதை அமுக்கிச் சூடேற்றி உள்ளே அனுப்புகிறது. கம்பிச்சுருள் ஹீட்டர் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பத்தையே தரும். நல்ல நிலையிலுள்ள ஹீட் பம்ப் நமது குளிரில் ஏறத்தாழ மூன்று அலகு தரும். அந்த நல்ல நிலையை எப்படிக் காப்பது என்பதே இம்மாதக் கடிதங்களின் சாரம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் வீடு சரிவின் மேல் இருக்கிறது. ஜனவரி மாத அதிகாலைகளில் வெளியிலுள்ள பெட்டி முழுவதும் வெள்ளையாகப் பனி பிடித்துவிடுகிறது. சில வேளைகளில் அறைக்குள் வரும் சூடான காற்று நின்றுபோய், வெளிப்பெட்டியிலிருந்து புகை எழும்புகிறது. பயந்துபோய் என் கணவர் ஒருநாள் கேத்தலில் கொதிநீர் கொண்டுபோய் ஊற்றினார். இப்போது இரவில் தறப்பாள் போட்டு மூடிவிடுகிறோம். இது பழுதா ஐயா?
— வாசகி, கந்தப்பளை

பதில்: நீங்கள் கண்டது புகையன்று அம்மா, உருகும் பனியிலிருந்து எழும் ஆவி. பழுதும் அன்று. வெளிக்காற்று ஐந்தாறு பாகைக்கு இறங்கும் இரவுகளில் வெளிக் கொயிலின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். உங்கள் பக்கத்துக் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருப்பதால், அந்த ஈரம் கொயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து உறைகிறது. பனி தடித்தால் காற்று நுழைய வழியிருக்காது. ஆகவே இயந்திரம் சிறிது நேரம் தன் ஓட்டத்தைத் திருப்பி, உள்ளே அனுப்ப வேண்டிய வெப்பத்தை வெளிக் கொயிலுக்கே அனுப்பிப் பனியை உருக்கிக்கொள்கிறது. அந்நேரத்தில் குளிர்காற்று உங்கள் மேல் வீசாதிருப்பதற்காக உள் ஃபேன் தானாக நின்றுவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் 'புஸ்' என்று கேட்கும் சத்தம், வாயுவின் திசையை மாற்றும் வால்வினுடையது. பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்ன அந்த இரண்டு மாதங்களிலேதான் தேயிலைக் கொழுந்தும் உறைபனியில் கருகுகிறது, இயந்திரமும் இந்த வேலையை அடிக்கடி செய்கிறது.

கொதிநீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் மின்சுற்றுப் பலகை இருக்கிறது. தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கத்தியாலோ குச்சியாலோ பனியைச் சுரண்டுவது அதைவிட மோசம். தகடுகளுக்குப் பின்னால் ஓடும் செம்புக் குழாயின் சுவர் மிக மெல்லியது. ஒரு குத்துப் பட்டாலே முழு வாயுவும் வெளியேறிவிடும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது நீங்கள் போடும் தறப்பாள். சில வருடங்களுக்கு முன்னர் நுவரெலியாப் பக்கத்து விடுதியொன்றிலிருந்து, இயந்திரம் அலறுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். வெளிப்பெட்டியை உரச் சாக்குகளால் சுற்றி, மேலே தறப்பாள் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குளிரில் நடுங்கும் பிள்ளைக்குக் கம்பளி போர்த்துவது போன்ற அன்போடுதான் அதைச் செய்திருந்தார்கள். கயிற்றை அறுத்துச் சாக்கை இழுத்தபோது அது வரவில்லை. அதன் ஒரு மூலை விரல் தடிப்புப் பனிக்குள் கொயிலோடு உறைந்து ஒட்டியிருந்தது. ஃபேனின் இறக்கை பனியில் உரசிக் கரகரத்துக்கொண்டிருந்தது. வெளிப்பெட்டிக்குக் குளிராது, அதற்குத் தேவை காற்று. மூடிய பெட்டி தான் துப்பிய குளிர்காற்றையே மறுபடியும் இழுக்கிறது. கொயில் இன்னும் குளிர்கிறது. பனி இன்னும் தடிக்கிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட மோசமாகும்.

ஆகவே தறப்பாளை எடுத்துவிட்டு, ஓர் இரவு மட்டும் கடிகாரத்தோடு கவனியுங்கள். மெல்லிய வெண்படலம் பிடிப்பதும், அது பத்து நிமிடத்துக்குள் உருகி முழுவதும் நீங்குவதும் இயல்பு. உருக்கிய பிறகும் பனிக்கட்டி மிஞ்சியிருந்தால், அல்லது அரை மணிக்கு ஒருதரம் உருக்கினால், அல்லது பகலில் வெளியே பன்னிரண்டு பாகை இருக்கும்போதே பனி பிடித்தால், அது இயல்பன்று. அப்போது முதலில் கொயிலில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே வாயுக் குறைவையும் வெப்ப உணரியையும் சந்தேகிக்க வேண்டும். உருகிய தண்ணீர் வழிந்தோட, பெட்டி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது தாங்கியின் மேல் நிற்க வேண்டும் என்பதையும் பாருங்கள். தண்ணீர் அடியில் தேங்கினால் இரவில் அங்கேயே உறைந்து, வடிகால் துவாரத்தை அடைத்துவிடும்.

கேள்வி: எங்களுக்கு ஹீட் பம்ப் பொருத்தித் தந்தவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்ய வேண்டும், வருடா வருடம் காஸ் அடிக்க வேண்டும் என்கிறார். இரண்டு வருடமாக அப்படியே செய்தோம். செலவு கட்டுப்படியாகவில்லை. இதில் நாமே செய்யக்கூடியது எது, ஆள் கூப்பிட வேண்டியது எது?
— வாசகர், தலவாக்கலை

பதில்: காஸ் விடயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் ஏமாறும் குடும்பங்கள் அதிகம். ஹீட் பம்பிலுள்ள வாயு எரிந்து தீரும் எரிபொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. உங்கள் குசினியிலுள்ள குளிர்சாதனப் பெட்டியிலும் அதே முறைதான். அதற்கு வருடா வருடம் யாராவது காஸ் அடிக்கிறார்களா? வாயு குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்பதே அதன் பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் பீலித் தண்ணீர் பிடிப்பது போலாகும்.

இது என் வீட்டிலேயே நடந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னர், எங்கள் வீட்டு ஏசிக்கு ஒரு மெக்கானிக் தொடர்ந்து மூன்று வருடம் வாயு நிரப்பினார். நான்காம் வருடம் வேறொருவர் வந்து, வெளிப்பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, குழாய் இணையும் பித்தளை நட்டைக் காட்டினார். நட்டைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குத் தூசி கறுத்து ஒட்டியிருந்தது. கொம்பிரசர் எண்ணெய் வாயுவோடு சேர்ந்து கசிந்ததால்தான் தூசி அப்படி ஒட்டுகிறது என்றார். சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவியதும் மீன்கண் போலச் சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குழாயின் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து நட்டைப் பூட்டியதோடு அந்தக் கதை முடிந்தது. மூன்று வருடச் செலவு ஒரு நட்டுக்குள் இருந்தது. அந்தக் காட்சிதான் என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்துவந்தது என்றே சொல்லலாம்.

ஆகவே அடுத்த முறை காஸ் அடிக்க வேண்டும் என்று சொன்னால், கசிவு எங்கே என்று அமைதியாகக் கேளுங்கள். முறையாக வேலை செய்பவர் நைதரசன் அமுக்கத்தில் சோதிப்பார், கசிவை அடைப்பார், வெற்றிடப் பம்பியால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்து நீக்குவார், பின்னர் பெட்டியின் பெயர்த்தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்துப் போடுவார். அமுக்கமானியை மட்டும் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் போட்டுவிட்டேன்' என்பவரை மறுமுறை கூப்பிட வேண்டாம். வாயுவின் வகையும் அதே தகட்டில் இருக்கும். ஆர்-32 என்றால் ஆர்-32 மாத்திரமே போட வேண்டும், அதில் ஆர்-410ஏ-யைக் கலக்கக்கூடாது. ஆர்-32 சிறிதளவு தீப்பற்றக்கூடியதாகையால் வேலை நடக்கும் இடத்தில் சிகரட்டோ அடுப்போ இருக்கக்கூடாது. பழைய வாயுவை வெளியில் திறந்துவிட்டுப் போகவும் அனுமதிக்காதீர்கள். காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டால் ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கும் ஆர்-410ஏ ஏறத்தாழ 2,088 மடங்கும் பூமியைச் சூடாக்கக்கூடியவை. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும், மொன்றியல் உடன்படிக்கையின் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி நீங்களே செய்யக்கூடியது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாமே பில்டர்தான் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இயந்திரம் தினமும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்பெட்டியின் முன்மூடியைத் தூக்கி, வலைச் சட்டங்களைக் கழற்றுங்கள். விறகடுப்பு எரியும் வீடுகளிலும், தாளிப்புப் புகை அறைக்கு வரும் வீடுகளிலும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த கரி, வெறும் தூசியைப் போலத் தட்டினால் போகாது. வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் மங்கலாகத் தெரிந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் சிறிது சவர்க்காரமும் போதும். கொதிநீரில் வலை வளைந்துவிடும். மூடுபனி நாட்களில் காயாதே என்று அடுப்புக்கு மேல் தொங்கவிடாமல், காற்றோடும் இஸ்தோப்பில் நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு திரும்பப் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சண வாடை வரும்.

மலையில் வசிப்பவர்கள் பில்டரில் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாவது நமது குசினிகளுக்குத் தெரிந்த விடயம். அதே மெலிந்த காற்றைத்தான் ஃபேனும் தள்ளுகிறது. ஒரே வேகத்தில் சுற்றினாலும் அது சுமந்துவரும் வெப்பம் குறைவு. தலவாக்கலை அதைவிடத் தாழ்வானதுதான் என்றாலும் கணக்கு அதே திசையிலேதான் போகிறது. கொழும்பு வீட்டில் அரைகுறையாக அடைத்த பில்டர் ஒருவாறு சமாளிக்கும். நம் வீட்டில் அது நேரே மின் பட்டியலில் தெரியும்.

வெளிப்பெட்டியை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், அதாவது வருடத்துக்கு இரண்டு முறை, நீங்களே கழுவலாம். முதலில் பிரேக்கரை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். கொயிலில் சிக்கிய பைனஸ் ஊசிகளையும் சவுக்கு இலைகளையும் கையால் எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையைத் தகடுகள் நிற்கும் நேர்கோட்டில், மேலிருந்து கீழாக மட்டும் ஓட்டுங்கள். பின்னர் சாதாரணத் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வாகனம் கழுவும் அமுக்கக் குழாய் வேண்டாம். தகடுகள் கோரைப்புல் போலச் சாய்ந்துவிடும், பிறகு காற்று போகாது.

ஆள் கூப்பிட வேண்டியது வருடத்துக்கு ஒரு முறை, குளிர்காலத்துக்கு முன்னர். கழற்றினால்தான் தெரியும் உள் ஊதுசில்லின் அழுக்கு, மின்முனைகளின் இறுக்கம், கொம்பிரசர் இழுக்கும் அம்பியர், உணரிகளின் நிலை ஆகியவை அவருடைய வேலை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ளவரைத் தேடுங்கள். அவர் போன பின்னர் ஒரு சிறு வேலை உங்களுக்கு: இயந்திரம் முழு வேகத்தில் கால் மணித்தியாலம் ஓடியதும், உள்பெட்டிக்குள் போகும் காற்றையும் அதிலிருந்து வெளிவரும் காற்றையும் ஒரு வெப்பமானியால் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொதுவாக இரண்டுக்குமிடையே 15 முதல் 20 பாகை வித்தியாசம் இருக்கும். உங்கள் இயந்திரத்தின் எண் எதுவாக இருந்தாலும், அது நல்ல நிலையில் இருந்தபோது எடுத்ததுதான் உங்களுக்குரிய அளவுகோல். அந்த வித்தியாசம் சுருங்கத் தொடங்கினால், குளிர் தெரிவதற்கு முன்னரே நீங்கள் விழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் மழை விடுவதேயில்லை. வெளிப்பெட்டி வீட்டுக்கும் பின்னாலுள்ள மண்மேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாசி பிடித்துவிட்டது, எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிறது. சுற்றிவரச் சீற் அடித்து ஒரு சிறு அறை போலக் கட்டிவிடலாமா?
— வாசகர், வட்டவளை

பதில்: கட்ட வேண்டாம். நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது உண்மை. ஆனால் வெளிப்பெட்டி மழையில் நனைவதற்காகவே செய்யப்பட்டது. மேலேயுள்ள கந்தப்பளைப் பதிலில் தறப்பாளுக்குச் சொன்னது சீற் அறைக்கும் பொருந்தும். கூரையிலிருந்து நேரே தாரை விழுமானால், பெட்டிக்கு மேலே அரை மீற்றர் உயரத்தில் ஒரு சாய்வுத் தகடு போட்டால் போதும். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பின்புறம் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். முன்புறம், ஃபேன் ஊதும் திசையில், ஒரு மீற்றருக்குள் தடையேதும் இருக்கக்கூடாது. உங்கள் மண்மேடு அதைவிட நெருக்கமாக இருந்தால் பெட்டியை வீட்டின் வேறு பக்கத்துக்கு மாற்றுவதே சரி. அது செலவுதான், ஆனால் ஒருமுறைச் செலவு. மேடு சரியக்கூடிய ஊர்களில் அதற்கு வேறு காரணமும் இருக்கிறது.

சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் கொயிலில் படிந்து வடிவது. அது நல்ல அறிகுறியே. வெளிப்பெட்டியிலிருந்து அல்லாமல் சுவருக்குள் போகும் குழாயிலிருந்து சொட்டினால் மட்டும், குழாயைச் சுற்றியுள்ள கறுப்பு ஸ்பஞ்ச் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையும் வெயிலும் அதை நான்கைந்து வருடத்தில் உதிர்த்துவிடும். உறையைப் புதுப்பித்து மேலே நாடாவைச் சுற்றினால் சூடு வழியில் வீணாகாது. குழாய் நுழையும் சுவர்த் துவாரத்தைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் சூடான மின்பலகையைத் தேடி அந்த வழியாகவே போகின்றன. ஒரு பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்தாலே பலகை கருகிவிடும்.

பாசியைப் பொறுத்தவரை, பெட்டியின் உலோக மூடியில் படிந்திருப்பதைத் துணியால் துடைத்தால் போதும். கொயிலுக்குள் வளர்ந்திருந்தால் வெளுக்கும் திரவம் ஊற்றாதீர்கள், அது அலுமினியத்தை அரிக்கும். கொயிலுக்கென்று விற்கும் கழுவு திரவத்தைப் பாவித்து, பின்னர் நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: குளிக்கும் தண்ணீரைச் சூடாக்க, தாங்கியோடு கூடிய ஹீட் பம்ப் வாங்கினோம். முதல் வருடம் நன்றாக இருந்தது. இப்போது தண்ணீர் சூடாக நெடுநேரம் எடுக்கிறது. அடியில் வெள்ளைத் தூள் வருகிறது. தாங்கிக்கும் சேர்விஸ் உண்டா?
— வாசகி, திகன

பதில்: உண்டு, ஆனால் பெரும்பாலானோர் தாங்கியை மறந்துவிடுகிறார்கள். திகன, மாத்தளைப் பக்கங்களில் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறையும் டொலமைற்றும் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து படிகிறது; கேத்தலின் அடியில் நீங்கள் காணும் அதே வெள்ளைப் படிவம்தான். அது வெப்பம் கடத்தும் பரப்பின் மேல் போர்வை போலப் படிந்தால் இயந்திரம் கூடுதல் நேரம் ஓட வேண்டியிருக்கும். மேல்மலையின் ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. அங்கே மழைக்குப் பிறகு வரும் சேற்று மண்ணே தொல்லை. மருந்து இரண்டுக்கும் ஒன்றே: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு, அடிக் குழாயைத் திறந்து தெளிவாக வரும்வரை ஒரு வாளி இரண்டு வாளி ஓடவிடுங்கள். கடின நீருள்ள உங்கள் வீட்டில், உள்வரும் குழாயில் ஒரு மென்னீராக்கியைப் பொருத்துவது பற்றி விற்றவரிடம் கேட்கலாம். படிவம் ஏற்கெனவே தடித்திருந்தால் சிற்றிக் அமிலக் கரைசலால் கழுவ வேண்டியிருக்கும். அதை ஆள் வைத்தே செய்யுங்கள்.

தாங்கிக்குள் மக்னீசியக் கோல் ஒன்று தொங்குகிறது. உருக்குத் தாங்கிக்குப் பதிலாகத் தானே கரைந்து, தாங்கியைத் துருவிலிருந்து காப்பது அதன் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பெருவிரல் தடிப்பில் போனது பென்சில் போல மெலிந்து, நடுவிலுள்ள கம்பி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கோல் முற்றாகக் கரைந்தபின் அடுத்ததாகக் கரைவது தாங்கிதான். அதற்குத் திருத்தம் கிடையாது. தாங்கியின் பக்கத்திலுள்ள பாதுகாப்பு வால்வின் நெம்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மெதுவாகத் தூக்கி, தண்ணீர் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வெளியேறும் தண்ணீர் சுடும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

வெப்பநிலையைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கலாமா என்றும் கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். குறைக்கலாம், ஆனால் வாரம் ஒருமுறையாவது 60 பாகைக்கு ஏற்றிவிடுங்கள். இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீரில் லீஜியனெல்லா என்ற பக்டீரியா பெருகக்கூடும். கணக்கு வேண்டுமென்றால் இதோ: 150 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 55-க்கு ஏற்ற ஏறத்தாழ 7 அலகு வெப்பம் தேவை. சாதாரணக் கம்பி ஹீட்டர் அந்த 7 அலகையும் மின்சாரமாகவே இழுக்கும். சுத்தமாக வைத்திருக்கும் ஹீட் பம்புக்கு இரண்டரை, மூன்று அலகே போதும். படிவம் தடிக்கத் தடிக்க அந்த ஆதாயம் கரைந்துகொண்டே போகும்.

கேள்வி: எங்கள் பக்கம் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். மின்சாரமும் அடிக்கடி போய்வருகிறது. இயந்திரத்தை எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், பண்டாரவளை

பதில்: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடி நமக்குப் பழகியது. ரிமோட்டால் அணைப்பது பாதுகாப்பன்று. அதற்குப் பின்னும் மின்பலகை மின்கம்பியோடு இணைந்தே இருக்கிறது. இடி தூரத்தில் கேட்கும்போதே பிரேக்கரை அணைத்துவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பின்னர் அதன் அருகே போக வேண்டாம். வீட்டில் இல்லாத வேளைகளுக்காகப் பிரதான பெட்டியில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பியைப் பொருத்தலாம், ஆனால் நிலத்தொடுப்பு (எர்த்) சரியாக இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். பாறை நிலத்தில் அறைந்த நிலத்தொடுப்புக் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு அதன் தடையை அளந்துகொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

மின்வெட்டுக்குப் பின் உடனே ஓடவிடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாயின் இரு பக்க அமுக்கமும் சமமாக அந்நேரம் தேவை, வோல்டேஜும் நிலைப்படும். பெரும்பாலான புதிய இயந்திரங்கள் தாமாகவே மூன்று நிமிடம் காத்திருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, மின்சாரம் வந்த கணத்திலேயே எல்லாவற்றையும் போட்டுப் பலகை கருகிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் மின்குமிழ் மங்கினால், அந்நேரத்து வோல்டேஜை அளந்து குறித்துக்கொண்டு பிரதேச மின்விநியோக அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

கேள்வி: மரக்கறித் தோட்டத்துக்குக் கொண்டுவரும் கோழி எருவை வீட்டுப் பின்புறத்தில், வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் குவிக்கிறோம். அதனால் பாதிப்புண்டா?
— வாசகர், இராகலை

பதில்: உண்டு. எருவிலிருந்து எழும் அமோனியா ஈரத்தோடு சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும். வெளிப்பெட்டி அந்தக் காற்றை நாள் முழுவதும் தனக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது. குழாய் இணைப்புகளில் பச்சை, நீலப் பூச்சு தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். எருக் குவியலைப் பெட்டியின் காற்றுப் பக்கத்திலிருந்து விலக்கி, மூடி வையுங்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: நாங்கள் மார்ச் மாதத்துக்குப் பின் ஹீட் பம்பைப் போடுவதேயில்லை. மெயினை அணைத்து வைத்துவிடலாமா? மறுபடி போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, நானுஓயா

பதில்: அணைத்து வைக்கலாம், ஆனால் அதற்கு முன் உள்பெட்டியைக் காயவையுங்கள். பில்டரைக் கழுவிப் போட்ட பின், ஃபேனை மட்டும் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. ரிமோட்டின் பற்றரிகளைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஓடவிடுவது கொம்பிரசருக்கு நல்லது, பூஞ்சணமும் பிடிக்காது. மெயின் அணைந்திருக்கும் அந்த மாதங்களில் மட்டும் வெளிப்பெட்டியின் மேற்பக்கத்தை மூடலாம், பக்கங்கள் திறந்திருக்கட்டும்.

மறுபடி போடும் நாளுக்கு முந்திய இரவே பிரேக்கரைப் போட்டுவிடுங்கள், ஆனால் இயந்திரத்தை இயக்க வேண்டாம். பல இயந்திரங்களில் கொம்பிரசரின் அடியை இளஞ்சூடாக்கும் சிறு ஹீட்டர் இருக்கிறது. நெடுநாள் குளிரில் நின்ற கொம்பிரசரின் எண்ணெய்க்குள் வாயு கரைந்திருக்கும். அந்தச் சூட்டில்தான் அது பிரிந்து வெளியேறும். பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, மேல்மூடியை எடுத்து, ஃபேனுக்குள் குருவிக் கூடு ஏதும் இல்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்த பின் ஓடவிடுங்கள்.